போயிட்டு வாங்கட்டி

எங்கள் ஊரில் ஒரு பெண் பெட்டியோடு கிளம்பினால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். எந்தக் கோயிலுக்கு? நாங்கள் மத்தியதரைக் கடலில் கப்பலில் போகப்போகிறோம் என்ற செய்தி கீழப்பாவூரில் பரவியதும் எதிர்வீட்டு ஆச்சியும் அதையேதான் கேட்டார். "கப்பல்ல போறியளாமே டீச்சர், அங்க எந்தக் கோயிலு?" கோயிலெல்லாம் இல்லை ஆச்சி, சும்மா பார்க்கத்தான் என்றேன். ஆச்சி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சும்மாவா?" பதினாறு கை நரசிம்மரைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ சனங்கள் நம் ஊருக்கு வருகிறார்கள், நீ சும்மா போகிறாயா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. காசிக்குப் போகிறேன் என்றிருந்தால் கையில் நூறு ரூபாயைத் திணித்து, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டு வா என்று அனுப்பியிருப்பார். சும்மா போகிறவளிடம் எதைக் கொடுத்துவிடுவது?

இந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஒரு பெண் காரணம் எதுவும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல் தன் காசில் ஓரிடத்துக்குப் போவதில் என்ன தவறு என்று கேட்டு, தவறில்லை என்று நிறுவிவிடலாம் என்றிருந்தேன். அது சுலபமான கட்டுரை. கல்லூரிக் கருத்தரங்கில் வாசித்தால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நாங்கள் போன விதம் அந்தக் கட்டுரையை எழுதவிடவில்லை.

நாங்கள் நாலு பேர். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். ஒருத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள், ஒருத்தி அரசு மருத்துவமனையில் செவிலியர், நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். நாலாமவள் பத்தாம் வகுப்போடு நின்று அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றினாள். கல்யாணமாகி, கணவன் விட்டுப்போய், மகனைத் தனியாளாகப் படிக்கவைத்து, இப்போது பாவூர்சத்திரம் போகிற வழியில் இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறாள். பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "மாவுக்காரின்னே எழுது, ஊருக்கே அதான தெரியும்" என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

கப்பல் ஆசை அவளுடையதுதான். இதை அழுத்திச் சொல்லவேண்டும். 2020 ஊரடங்கில் யாரும் எங்கும் போகமுடியாமல் கிடந்தபோது, அவள் போனில் கப்பல் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் அனுப்பினாள். பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்று கடலில் மிதந்துகொண்டிருந்தது. "ஏட்டி, இதுல ஒரு வாரம் சமைக்க வேண்டாமாம், பாத்திரம் கழுவ வேண்டாமாம், எவனாவது ஆக்கிப் போடுவானாம்." அவ்வளவுதான். ரோம், பார்சிலோனா எதுவும் அவள் கணக்கில் இல்லை. மாவாட்டாத ஏழு நாள், அதுதான் கணக்கு.

2021 பிப்ரவரியில் 'கப்பல் சீட்டு' தொடங்கினோம். ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது. ஆளுக்கு மாதம் 5,000, ஐம்பது மாதம். 2025 மார்ச்சில் ஆளுக்கு இரண்டரை லட்சம் சேர்ந்தது. ஐம்பது மாதத்தில் ஒரு மாதமும் தவணை தாமதிக்காதவள் மாவுக்காரிதான். சம்பளக்காரர்களான நாங்கள் மூவரும் ஒவ்வொரு சமயம் 'அடுத்த மாசம் சேர்த்துப் போடுதேன்' என்று சொல்லியிருக்கிறோம்.

பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் விசாவுக்கு விரல் ரேகை கொடுத்துவிட்டு வந்தோம். எங்கள் மூவருக்கும் சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், மூன்று வருட வருமான வரிக் கணக்கு எல்லாம் இருந்தது. அவளுக்கு மாவு விற்ற காசு இருந்தது. கடைப் பதிவுச் சான்று, வங்கிப் புத்தகம், மகனின் கடிதம் என்று ஒரு கட்டு தயார் செய்துகொடுத்தோம். மூன்று பாஸ்போர்ட்டுகள் விசாவோடு வந்தன. நாலாவதோடு ஓர் அச்சடித்த தாள் வந்தது. அதில் வரிசையாகக் கட்டங்கள், ஒரு கட்டத்தில் குறி. விசாக் காலம் முடியும் முன் நீங்கள் அங்கிருந்து கிளம்பிவிடுவீர்கள் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது அந்தக் கட்டத்தின் பொருள். கட்டணம் 90 யூரோ. திரும்பக் கிடைக்காது.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சிரித்தாள். "திரும்பி வரமாட்டேனாமா? ஏட்டி, அரிசிய ஊறப் போட்டுட்டு நான் எங்க போவேன்?"

அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் யோசித்தேன். தமிழ்ப் பெண்ணின் மேல் சாட்டக்கூடிய குற்றங்களிலேயே நம்பமுடியாதது இதுதான். நம் பெண்கள் எங்கே போனாலும் திரும்பிவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் பால்காரன் வரும் முன் திரும்புகிறார்கள். பிரசவத்துக்குப் போனவள் திரும்புகிறாள், அடித்து விரட்டப்பட்டவள்கூடப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்புகிறாள். தேசிய அளவில் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 88 நிமிடம். திரும்பி வரமாட்டாள் என்ற ஐயத்துக்கு இடமே கொடுக்காத கயிறு அந்த 289 நிமிடம். ஆனால் அதை எந்த அலுவலகத்திலும் ஆவணமாக ஒப்படைக்க முடியாது. மாதம் பிறந்தால் வங்கியில் விழும் சம்பளம்தான் அங்கே கயிறு. எங்களுக்கு அது இருந்தது.

அன்று சாயங்காலம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரும் பேசினோம். ரத்து செய்யலாமா? வேறு எங்காவது போகலாமா? டிக்கெட், அறை எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது; ரத்து செய்தால் பாதிகூடத் தேறாது. அவளேதான் முடித்துவைத்தாள். "எனக்காவ நீங்க என்னத்துக்கு நிக்கணும்? போயிட்டு வாங்கட்டி."

போய்விட்டு வந்தோம்.

என் கேள்வி இங்கேதான் இருக்கிறது. நான் இருபது வருடமாக வகுப்பறையில் என்ன சொல்லிவருகிறேன்? விட்டுக்கொடுப்பதைப் பெண்ணின் குணமாகப் பார்க்காதீர்கள், அது பழக்கப்படுத்தப்பட்டது என்கிறேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு 'எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க' என்று சொல்லும் அம்மாவின் வார்த்தையை வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சட்டியை எட்டிப் பாருங்கள் என்கிறேன். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட நான், மாவுக்காரி 'போயிட்டு வாங்கட்டி' என்றதும் அதை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன். சட்டியை எட்டிப் பார்க்கவில்லை. எனக்குச் சாதகமாக இருந்த இடத்தில் அவள் சம்மதம் சுதந்திரமான சம்மதமாகிவிட்டது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்கிறேன். நாங்கள் போகாமல் இருந்திருந்தால்? ஒருத்தி சாப்பிடாவிட்டால் எல்லாரும் பட்டினி என்பதும் நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட அறம்தான். கணவன் இறந்த வீட்டில் மதினிமார் யாரும் பூ வைக்காமல் இருப்பது அந்த அறம்தான். அதில் அன்பு இருக்கிறது, ஆனால் யாருக்கும் பூ கிடைப்பதில்லை. ரத்து செய்திருந்தால் அந்த இழப்பும் அவள் தலையில் விழுந்திருக்கும். 'என்னாலதான் நீங்களும் போகல' என்று சாகும்வரை சொல்லியிருப்பாள். இதுவும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். இந்த நியாயத்தை நான் கண்டுபிடித்தது முடிவெடுத்த பிறகுதான். விமானத்தில், கத்தார் வருவதற்குள்.

தமிழ் படித்தவளுக்கு இந்த மாதிரி நேரங்களில் பழைய நூல்கள் வந்து முன்னால் நிற்கும். தொல்காப்பிய அகத்திணையியலில் முந்நீர் வழக்கம் பற்றிய நூற்பா ஒன்று உண்டு. கடல்வழிச் செலவு பெண்ணோடு இல்லை என்கிறது. முந்நீர் என்றால் கடல் என்று கொண்டால் பொருள் நேராக இருக்கிறது. அதைக் கடல் என்று கொள்ளாமல் ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று தன்மையுடைய பயணம் என்று விரித்துப் பார்க்கும் உரையும் உண்டு. எனக்கு இந்த இரண்டாவது உரைதான் சுவாரசியம். அதன்படி கடல் மட்டுமல்ல, காரியமும் பெண்ணுக்கு இல்லை. ஆக, காரியத்தோடு போகவும் கூடாது, எதிர்வீட்டு ஆச்சி சொல்வதுபோலக் காரியம் இல்லாமல் போகவும் கூடாது.

காப்பியங்களும் இதை அப்படியே காப்பாற்றுகின்றன. மணிமேகலையில் சாதுவன் கப்பலேறுகிறான், ஆதிரை வீட்டிலிருக்கிறாள். கப்பல் உடைந்தது என்று கேட்டதும் தீயில் இறங்குகிறாள். பெரியபுராணத்தில் பரமதத்தன் கப்பலேறிப் போய்விடுகிறான், காரைக்காலில் புனிதவதி வீட்டைக் காத்துக்கொண்டிருக்கிறாள். மணிமேகலை கடல் கடக்கிறாள்தான், ஆனால் கப்பலில் இல்லை. முதலில் தெய்வம் தூக்கிக்கொண்டு போகிறது, பிறகு மந்திரம் தெரிந்து பறக்கிறாள். பெண்ணுக்குப் பறப்பது சாத்தியம், டிக்கெட் எடுப்பது சாத்தியமில்லை என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

எகிப்தின் செங்கடல் துறைகளான குசேர் அல் கதீமிலும் பெரெனிகேயிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. கணன், சாதன், கொற்றன் என்று பெயர்கள். முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிவந்த ஹெர்மாபோலோன் என்ற கப்பல் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம் வியன்னாவில் இருக்கிறது. நம் மிளகு செங்கடல் தாண்டி, அலெக்சாந்திரியா வழியாக இந்த மத்தியதரைக் கடலில்தான் போயிற்று. குசேரில் கிடைத்த ஓர் ஓட்டில் 'பானை உறி' என்ற பொருளில் படிக்கப்படும் எழுத்தும் இருக்கிறது. சமையலறையில் தொங்கும் உறி எகிப்துவரை போயிருக்கிறது. அதில் பானையைத் தூக்கிவைத்தவள் போனதற்கு எந்த ஓடும் இல்லை.

ஆனால் இதை இப்படியே விட்டால் பொய்யாகிவிடும். தமிழ்ப் பெண்கள் கடல் கடக்கவில்லையா? ஆயிரக்கணக்கில் கடந்தார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பன் துறைக்குப் போய்ச் சேர்ந்த ட்ரூரோ என்ற கப்பலில் 342 பேர். கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒப்பந்தக் கூலிகள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. பின்னாட்களில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் ஏற்றவேண்டும் என்று விதியே இருந்தது. அந்தப் பெண்களுக்கு எந்தத் தொல்காப்பியரும் குறுக்கே நிற்கவில்லை. திரும்பி வருவாயா என்றும் யாரும் ஐயப்படவில்லை, வராமலிருந்தால்தான் நல்லது. ஏழைப் பெண்ணுக்குக் கடல் எப்போதும் திறந்துதான் இருந்திருக்கிறது, வேலைக்கு. சும்மா போவதற்குத்தான் நூற்பாவும் கட்டமும் குறியும்.

எங்கள் பக்கத்தில் ஊர் சுற்றிய பெண் என்றால் குற்றாலக் குறவஞ்சியின் சிங்கிதான். தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடியது. ஊரூராகப் போய்க் குறி சொல்லி, சம்பாதித்த நகைகளை உடம்பெல்லாம் போட்டுக்கொண்டு திரும்புகிறாள் சிங்கி. சிங்கன் என்ன செய்கிறான்? ஒவ்வொரு நகையாகச் சுட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்கிறான். அவளும் இது சேலத்தில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிற ரீதியில் கணக்கு ஒப்பிக்கிறாள். நாட்டிய மேடையில் இதைச் சிருங்காரமாக ஆடுவார்கள். அழகாகத்தான் இருக்கும். நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் ஊர் திரும்பிய பெண் வாசலிலேயே நின்று கணக்குக் காட்டவேண்டியிருக்கிறது என்பது எனக்கு இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் உறைத்தது. நானும் திரும்பி வந்து ஒருத்தியிடம் கணக்குக் காட்டவேண்டியிருந்தது, ஆனால் என்னிடம் கேட்டது சிங்கன் இல்லை.

சரி, கப்பல். மே மாதம் திருவனந்தபுரத்திலிருந்து பறந்து, ரோமுக்குப் பக்கத்துத் துறையான சிவிதவெக்கியாவில் ஏறினோம். ஏறியதும் உயிர்காப்பு உடை அணியச் சொல்லி ஒத்திகை. செவிலியர் தோழி அதை ரொம்பச் சீரியஸாகச் செய்து அருகிலிருந்தவர்களையும் திருத்தினாள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். எங்களுடையது சன்னல் இல்லாத உள் அறைகள், இருப்பதில் மலிவு. இரண்டு அறை. ஒன்றில் அவர்கள் இருவரும். இன்னொன்றில் நானும் மாவுக்காரியும் என்பது ஏற்பாடு. ஆக, நானும் ஒரு காலிக் கட்டிலும்.

மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இதை மறைத்து எழுதினால் நான் எழுதுகிற எதையும் நீங்கள் நம்பவேண்டாம். காலையில் எழுந்து யாருக்கும் காபி போடாமல் மேல்தளத்துக்குப் போய் உட்கார்ந்தபோது, என் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன. நாற்பத்தாறு வயதில் அந்தக் கைகளை நான் முதல்தடவை பார்க்கிற மாதிரி இருந்தது. குற்றாலத்தில் பேரருவியில் பெண்கள் பக்கம் நாங்கள் நைட்டிக்குக் கீழே சுடிதாரும் போட்டுக்கொண்டு குளிப்போம். ஆண்கள் பக்கம் ஜட்டியோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே எழுபது வயதுப் பாட்டிகள் நீச்சலுடையில் வயிறு மடிந்து தொங்கப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. வங்கித் தோழி மூன்றாம் நாள் முழங்கால்வரை ஒரு உடுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு நீச்சல்குளத்தில் இறங்கி, திடீரென்று அழுதாள். ஏன் என்று கேட்கவில்லை. மெஸ்ஸினா, மால்ட்டா, பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா என்று ஊர்கள் வந்தன, போயின. மால்ட்டாவின் வல்லெட்டா துறைக்குள் விடியற்காலையில் நுழைந்தது மட்டும் மனதில் நிற்கிறது, இரு பக்கமும் தேன்நிறக் கல்லில் கோட்டைகள். மற்ற ஊர்களில் நடந்தோம், படம் எடுத்தோம். இட்லிப் பொடி நாலாம் நாளே தீர்ந்துவிட்டது.

மால்ட்டாவுக்கு முந்தைய இரவு நான் தூங்கவில்லை. மெஸ்ஸினாவிலிருந்து சிசிலியின் கிழக்குக் கரையோரம் தெற்கே வந்து மால்ட்டாவுக்குப் போகிற வழி அது. சிசிலியின் தெற்கு முனையில் போர்த்தோபாலோ என்ற மீனவ ஊர் இருக்கிறது. 1996 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அந்த முனைக்கும் மால்ட்டாவுக்கும் இடையே ஒரு சின்னப் படகு மூழ்கியது. இறந்தவர்கள் குறைந்தது 283 பேர், இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போனவர்கள். இலங்கைக்காரர்களில் ஈழத் தமிழர்கள் இருந்தார்கள். யோஹான் என்ற பெரிய கப்பலில் கொண்டுவந்து, கொந்தளிக்கும் கடலில் வைத்து அந்தச் சின்னப் படகுக்கு மாற்றியிருக்கிறார்கள். உயிர் பிழைத்தவர்கள் சொன்னதை ஐரோப்பா நம்பவில்லை. அப்படி ஒரு விபத்தே இல்லை என்றது. ஆனால் போர்த்தோபாலோ மீனவர்களின் வலையில் மீனோடு சடலங்கள் வந்துகொண்டிருந்தன. புகார் கொடுத்தால் தொழில் நின்றுபோகும் என்று அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். நாலு வருடத்துக்கும் மேல் ஒரு ஊரே வாய் திறக்கவில்லை. 2001இல், வலையில் சிக்கிய துணியோடு வந்த ஓர் அடையாள அட்டையை ஒரு மீனவர் வெளியே கொடுத்தார். அது ஒரு தமிழ்ப் பையனுடையது. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ரிபப்ளிக்கா பத்திரிகையின் ஜோவான்னி மரியா பெல்லு நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடந்த படகைக் கேமரா இறக்கிப் படம் எடுத்தார். அதன் பிறகு, 2014 முதல் மட்டும் இந்தக் கடலில் 25,000க்கும் அதிகமானோர் இறந்தோ காணாமலோ போயிருக்கிறார்கள்.

மேல்தளத்தில் அந்த நேரத்தில் பாட்டு, ஆட்டம். ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று இருட்டைப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது, கப்பல் நிற்கவும் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. மாவுக்காரியின் தாளில் அந்தக் குறியைப் போட்ட கைக்கு முன்னால் இருந்தது அவள் படம் இல்லை. இந்தப் படகு. சம்பளச் சீட்டு இல்லாத ஒரு கறுத்த பெண்ணைப் பார்க்கும்போது அவர்களுக்கு இந்தப் படகுதான் தெரிகிறது. எங்கள் மூவரைப் பார்க்கும்போது தெரியவில்லை. நாங்கள் நாலு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். எங்களை இரண்டாகப் பிரித்த கோட்டை நாங்கள் போடவில்லை. ஆனால் கோட்டின் இந்தப் பக்கம் காலெடுத்து வைத்தது நாங்கள்தான்.

என் அறையைச் சுத்தம் செய்தவள் இந்தோனேசியப் பெண். முப்பது வயது இருக்கலாம். இரண்டாவது கட்டிலில் யாரும் படுக்கவில்லை என்று தெரிந்தும் தினமும் அதன் விரிப்பைத் தட்டி இழுத்துவிட்டாள். ஏன் என்று சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டேன். அது என் வேலை என்றாள். ஒன்பது மாத ஒப்பந்தம், ஊரில் மூன்று வயதுப் பிள்ளை, அம்மா பார்த்துக்கொள்கிறாள். கடல்தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒரு கப்பல் தொழிலாளி ஏழு நாளில் அதிகபட்சம் 72 மணி நேரம் வேலை செய்யலாம். என் ஏழு நாள் ஓய்வு அவளுடைய அந்த ஏழு நாளின் மேல்தான் மிதந்துகொண்டிருந்தது. பெண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று நாம் கேட்கும்போது அந்த ஓய்வை வேறு யார் உழைப்பிலிருந்து எடுத்துத் தருவது என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்பதில்லை. ஆண்கள் வீட்டில் அப்படித்தானே ஓய்ந்திருந்தார்கள், நம் உழைப்பின் மேல். வித்தியாசம் என்னவென்றால் நான் அவளுக்குக் கடைசி நாள் ஒரு கவரில் காசு வைத்தேன். அதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்லத் துணிவில்லை.

ஆனாலும், ஓய்வே வேண்டாம் என்ற முடிவுக்கு என்னால் வரமுடியாது. 2021 மே மாதத்திலிருந்து நம் ஊரில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சாரல் சமயத்தில் மத்தியானம் டவுன் பஸ்ஸில் ஏறிக் குற்றாலம் போய், அருவியில் நனைந்துவிட்டு, வீட்டில் சொல்லாமலே சாயங்காலம் திரும்பிவிடுகிற பீடித் தொழிலாளிகளை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து, 'உங்களை ஏற்றிக்கொண்டு வந்த ஓட்டுநரின் வேலை நேரம் தெரியுமா' என்று கேட்கிற அறம் எனக்கு வேண்டாம். சும்மா இருப்பதற்கு எல்லாக் கணக்கும் தீர்ந்த பிறகுதான் உரிமை என்றால், பெண்களின் கணக்கு எந்தக் காலத்திலும் தீராது.

ஊர் திரும்பிய மறுநாள் கடைக்குப் போனேன். அறைக்குக் கட்டியதில் பாதி அவளுக்குத் திரும்பியிருந்தது. மீதியை நாங்கள் மூவரும் பங்கிட்டுக் கொடுத்திருந்தோம். அதை வாங்கும்போது வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. மறுப்பாள், வற்புறுத்துவோம், பிறகு வாங்குவாள் என்று என் மனம் ஒரு நாடகத்தை எதிர்பார்த்திருந்தது போலும். அந்தக் காசில் சாய்க்கிற கிரைண்டர் ஒன்று வாங்கியிருந்தாள். பெரியது. கடையில் பாதியை அடைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் கேட்டாள். சாப்பாடு, கக்கூஸ், வெள்ளைக்காரிகளின் உடுப்பு. அந்த இந்தோனேசியப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும், "எவ்வளவு குடுத்த?" என்றாள். சொன்னேன். "இன்னுங் கொஞ்சம் குடுத்திருக்கலாம்ட்டி." மூழ்கிய படகைப் பற்றிச் சொல்லும்போது கிரைண்டரை நிறுத்தினாள். "அந்தப் பயலோட அம்மைக்குத் தகவல் போச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு நானே கேட்டேன். உன்னை விட்டுவிட்டுப் போனதில் உனக்கு வருத்தமா? உண்மையைச் சொல்லு.

அவள் மாவை வழித்துக்கொண்டே சொன்னாள். "போகச் சொன்னது நெசந்தான்ட்டி. போயிருவியன்னுதான் நெனைக்கல."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். இரண்டு வாக்கியமும் உண்மை. அவள் பொய்யாகச் சம்மதிக்கவில்லை, ஆகவே அம்மாவின் 'பசிக்கல'வோடு அதைச் சேர்க்கமுடியாது. முழுச் சம்மதம் என்றும் சொல்லமுடியாது. ஒரு பெண் 'போ' என்று சொல்லும்போது அதற்குள் 'நில்' இருக்கிறதா என்று தேடுவது அவளுக்கு மரியாதையா, அவள் சொன்னதைச் சொன்னபடி ஏற்பது மரியாதையா என்பதை நான் இன்னும் முடிவுசெய்யவில்லை. அன்று திண்ணையில் நான் ஒன்று செய்திருக்கலாம். ஒரு ராத்திரி பொறுத்து, மறுநாள் தனியாகப் போய் மறுபடி கேட்டிருக்கலாம். இரண்டாம் தடவையும் 'போயிட்டு வா' என்றுதான் சொல்லியிருப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"ஏட்டி, என் கட்டில்ல யாரு படுத்தா?"

யாரும் படுக்கவில்லை என்றேன்.

"சும்மாவா கெடந்துச்சு?"

என் பையை வைத்திருந்தேன் என்றேன்.